குருசாமி மாற்றிய பாதை

அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது, அவர் நல்லபடியாக எழுந்து வந்தால் சபரிமலைக்கு, எருமேலியிலிருந்து காட்டு வழியே போகும் பெரிய பாதையில் நடந்து வருகிறேன் என்று ஐயப்பனிடம் வேண்டிக்கொண்டேன். எழுந்து வந்தார். கார்த்திகை முதல் தேதி எங்கள் குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டேன்.

விரதத்தில் குருசாமியிடம் சலுகை என்ற பேச்சே கிடையாது. அலுவலகத்துக்கு மட்டும் செருப்பு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்ட ஒரு சாமி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்படிப்பட்டவர் எருமேலியில் செய்ததைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

சாயம் பூசி ஆடிப் பேட்டை துள்ளி முடிப்பதற்குள் சரக்கோல் என்கிற மர அம்பு, சாயம் விற்பவர்கள் படுத்திய பாடு கொஞ்சமில்லை. முதல் தடவை வரும் கன்னிசாமியைக் கண்டால் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. காட்டுப் பாதையில் ஆளை விடவில்லை. விடியும்வரை காத்திருப்போம் என்றார்கள் இளைஞர்கள். குருசாமி எங்கள் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார்: முழங்கால் வலிக்காரர்கள், ஒரு சர்க்கரை நோயாளி, பள்ளிக்கூடப் பையன் ஒருவன். "வண்டியை நிலக்கல்லுக்கு விடுங்க" என்றார். பெரிய பாதையை விட்டு, பம்பை வழியாகச் சின்னப் பாதையில் ஏறுவது என்று அர்த்தம்.

பெரிய பாதையில் வரும் அழுதை ஆற்றில் முங்கிக் கல் எடுக்காமல், கல்லிடும் குன்றில் போடாமல் மலைக்குப் போவதா என்று பழைய சாமி ஒருவர் கொதித்தார். குருசாமி குரலை உயர்த்தவில்லை. "பதினெட்டாம் படி கருங்கல்லா இருந்தப்போ, எத்தனாவது வருஷமோ அந்தப் படியில தேங்காய் உடைப்போம். படி தேஞ்சு போச்சுன்னு 1985-ல பஞ்சலோகத் தகடு போட்டாங்க. இப்ப கீழேயே உடைக்கிறோம். சாமி கோவிச்சுக்கிட்டாரா?"

என் வேண்டுதல்? தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நீங்க ஐயப்பன்கிட்ட வேண்டிக்கிட்டீங்களா, கரிமலைகிட்டயா?" என்றார், பெரிய பாதையில் வரும் மலையைச் சொல்லி. சிரித்துவிட்டேன். ஆனால் பம்பையில் முழுக்குப் போடும்வரை மனசு ஆறவில்லை.

நீலிமலை ஏற்றத்தில் டோலிக்காரர்கள் விடாமல் கூடவே வந்தார்கள். மரக்கூட்டத்துக்கு அப்புறம் வரிசை நகரவே இல்லை. குறுக்கே புகுந்தவர்களும் சரணம் சொல்லிக்கொண்டேதான் புகுந்தார்கள், அதுதான் எரிச்சல். அங்கேதான் சர்க்கரைக்காரச் சாமிக்குச் சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டி, கால் தள்ளாடியது. எல்லாரும் பதறினோம். குருசாமி தன் தலையில் இருந்த இரட்டை முடிச்சுப் பையான இருமுடியை இறக்கச் சொல்லி, எங்கள் துண்டுகளின் மேல் வைத்து, பின்முடியை அவிழ்த்தார். அவலும் வெல்லமும் எடுத்து அந்தச் சாமியின் வாயில் போட்டார். அபிஷேகத்துக்கு முன்னால் முடியை அவிழ்க்கலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். "பின்முடி வழிச்சாப்பாட்டுக்குத்தான். முன்முடிக்குக் கிட்ட கை போச்சுன்னா பாரு" என்றார். அபிஷேகத்துக்கு நெய் நிரப்பிய நெய்த்தேங்காய் இருந்த பக்கம் முடிச்சுகூட நெகிழவில்லை. எது இளகலாம், எது இளகக் கூடாது என்பதில் அந்த மனிதருக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் இல்லை. பெரிய பெரிய ஆன்மிக உரைகளில் எனக்குக் கிடைக்காத பாடம் அது.

படியில் காவலர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டது நினைவிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் சரணம் சொன்னேனா என்று தெரியவில்லை. நடையில் நின்றபோது, பெரிய பாதை பாக்கி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். தீபத்தில் அந்த முகம் தெரிந்தது. "அப்பா" என்பதற்கு மேல் வரவில்லை. அதற்குள் தள்ளிவிட்டார்கள். தள்ளட்டும், பார்த்துவிட்டேன்!

மறுநாள் காலை நெய்யபிஷேகம், மாளிகைப்புறத்தம்மன், பிரசாதம் எல்லாம் குறையில்லாமல் நடந்தது. சர்க்கரைக்காரச் சாமியும் தன் நெய்த்தேங்காயைத் தானே உடைத்தார். வழியெல்லாம் சுக்குத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கும், படியில் தூக்கிவிட்ட காவலருக்கும், அப்பாவின் நெஞ்சைத் திறந்து மூடிய டாக்டருக்கும், எங்களை ஒருவர் குறையாமல் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்ட குருசாமிக்கும் கோடி நமஸ்காரம். அத்தனை பேர் கையாகவும் வந்தவன் அவன்தானே. சுவாமியே சரணம் ஐயப்பா!