பாதத்தில் போட்ட பெருக்கல் குறி

முதலில் கெண்டைக்கால் வலிதான். இருநூறு அடி நடந்தால் பிடித்து இழுக்கும், நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் அதே தூரத்தில் அதே வலி. நரம்புக் கோளாறு என்று நானே முடிவுகட்டி, தைலம் தேய்த்தே ஒரு வருடத்தை ஓட்டினேன். அப்புறம் ராத்திரியில் பாதம் எரிய ஆரம்பித்தது. காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால்தான் தூக்கம். தொங்கப்போட்டால் கொஞ்சமாவது ரத்தம் இறங்குகிறது, அந்தச் சுகம்தான் அது என்று பின்னால் தெரிந்தது.

மருத்துவர் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து, 0.9-க்குக் கீழே வந்தால் கால் ரத்தக்குழாயில் அடைப்பு என்று கொள்வார்களாம். எனக்கு 0.38. ஆஞ்சியோகிராமில், காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தொடைத் தமனி முழங்கால் வரைக்கும் அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தால் போதாதா என்று கேட்டேன். இவ்வளவு நீள அடைப்புக்கு அது நீடிக்காது, அடைப்பைச் சுற்றி ரத்தம் போக புதுப் பாதை போடும் பைபாஸ் அறுவைதான் வழி என்றார். கூடவே, "சிகரெட்டை விடாவிட்டால் நான் போடும் புதுப் பாதையும் அடைத்துக்கொள்ளும்" என்றார். அன்றைக்கே விட்டேன். பத்து வருடம் முன்பே விட்டிருக்கலாம், சரி.

புதுப் பாதைக்கு என் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்தார்கள். சிரை என்பது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்; அதற்குள் ரத்தத்தை மேல்நோக்கி ஒரே பக்கம் விடும் வால்வுகள் உண்டு. அதனால் எடுத்ததைத் தலைகீழாகத் திருப்பித் தைத்தார்களாம். கேட்டபோது சிரிப்பு வந்தது, தையல் இழுத்ததால் அடக்கிக்கொண்டேன்.

கண் விழித்தபோது பாதத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. நாடி கிடைக்கும் இடமாம். செவிலியர் மணிக்கொரு முறை அங்கே ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைப்பார், உஸ் உஸ் என்று சத்தம் வரும். ஒருமுறை வரவில்லை. அவர் கருவியைச் சற்று நகர்த்திக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

யாரும் முன்கூட்டிச் சரியாகச் சொல்லாதது வீக்கம். வீட்டுக்கு வந்த பிறகு கால் பூசணி மாதிரி ஆனது. பயந்துபோய் மறுபடி ஓடினேன். சோதித்துவிட்டு, இவ்வகை அறுவைக்குப் பின் இது சகஜம், உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள் என்றார்கள். வடிய இரண்டு மாதம் ஆனது. முழங்காலுக்கு உட்புறம் ஒரு உள்ளங்கை அளவுக்கு இன்னும் மரத்தே இருக்கிறது.

ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் தினம் உண்டு, அவ்வப்போது ஸ்கேனும் உண்டு. குறி எப்போதோ அழிந்துவிட்டது. காலையில் எழுந்ததும் விரல் மட்டும் அந்த இடத்துக்குத் தானாகப் போகிறது.