நிழலில்லா நாள்: முதலில் கம்பு, பிறகு ஸ்டெல்லேரியம்

கன்னியாகுமரி 8.08 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 10, 11 வாக்கிலும் செப்டம்பர் 1, 2 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும்; நேராக நட்ட கம்புக்கு அப்போது நிழல் விழாது. பள்ளியின் ஹைடெக் லேபில், வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியத்தைத் திறந்து இதைக் காட்ட ஐந்து நிமிடம் போதும். இலவச மென்பொருள், நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். ஆனால் திரையிலேயே தொடங்கினால் பிள்ளைகள் படம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முதலில் முற்றத்தில் 1 மீட்டர் பி.வி.சி. குழாயை நட்டு, தூக்குக்குண்டு பிடித்து நேராக்குங்கள். தரைக்கு ரசமட்டம். நிழல் எத்தனை மணிக்கு மறையும் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அநேகமாக எல்லாரும் 12 என்றே எழுதுவார்கள். நம் கடிகார நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. குமரி இருப்பதோ 77.55-ல். டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 20 நிமிடம் பிந்தும். ஏப்ரலில் மேலும் ஒரு நிமிடம் சேர்ந்து நண்பகல் 12.21 ஆகிறது. 12 மணிக்கு நிழல் மேற்கே 9 செ.மீ. நீண்டிருக்கும்.

இனி கணினி. எஃப்6 அழுத்தினால் இடம், எஃப்5-க்குத் தேதி, நேரம். டைம் சோன் ஆசியா/கொல்கத்தாவா என்று பாருங்கள். இல்லையென்றால் நண்பகல் மணிக்கணக்கில் தள்ளிப்போகும். சூரியனைச் சொடுக்கினால் அசிமுத்தும் (வடக்கிலிருந்து கிழக்கு வழியாக அளக்கும் திசைக் கோணம்) உயரக் கோணமும் தெரியும். உச்சியைக் கடக்கும்போது அசிமுத் 90-ஐ ஒட்டிய எண்ணிலிருந்து 270 பக்கம் சட்டென்று தாவும். கோளாறு இல்லை, கிழக்கே நின்ற சூரியன் மேற்கே சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

தகராறு வருவது இங்கேதான். ஏப்ரல் 10-க்கும் 11-க்கும் திரையில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும், குழாயில் தெரியாது. ஒரு நாளில் நிழல் நுனி நகர்வது 6 மி.மீ. சொச்சம். சூரியன் புள்ளியல்ல, அரை டிகிரி அகலத் தட்டு. அதனால் நுனியில் 9 மி.மீ. அளவுக்கு மங்கல் விழும். குழாய் 1 டிகிரி சாய்ந்தாலோ 17 மி.மீ. பிழை, கிட்டத்தட்ட மூன்று நாள் கணக்கு. ‘கம்ப்யூட்டர் சொன்னதுதான் சரி’ என்று முடித்துவிடாமல், இந்த மூன்று எண்களையும் பிள்ளைகளையே கணக்கிட வையுங்கள். அளவுப்பிழை பாடத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஜூன் 21 அன்று தென்மேற்குப் பருவமழை மேகத்தை நம்பிக் குழாய் நட முடியாது. அதற்குத்தான் மென்பொருள். அன்று நண்பகல் அசிமுத் 0, அதாவது சூரியன் வடக்கே, 27 செ.மீ. நிழல் தெற்கே விழும். டிசம்பர் 21-ல் வடக்கே 61 செ.மீ. இரண்டையும் முக்கோணவியலின் ‘டான்’ (tan) அட்டவணை வைத்துச் சரிபார்க்கலாம். பிறகு இடத்தைச் சென்னைக்கு மாற்றி நிழலில்லா நாளைத் தேடச் சொல்லுங்கள்; ஏப்ரல் 24 வாக்கில் அகப்படும். அடுத்து டெல்லி. அங்கே ஆண்டு முழுக்கத் தேடினாலும் அப்படியொரு நாள் வராது. ஏன் என்பதை வீட்டுப்பாடமாக விட்டுவிடலாம்.