கோண்டோர்: வளைந்த ரெசின் ஒருவழியாக நிமிர்ந்தது

நேற்று காலை வேலைக்குப் போகும்போது நான் கட்டிவரும் கோண்டோர் கவச வண்டி மாடலின் ரெசின் உடம்பைக் காருக்குள், முன்கண்ணாடியின் அடியில் வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனேன். ஆலை வாசலில் நிழல் கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்தபோது கையில் பிடிக்க முடியாத சூடு. வீட்டுக்கு வந்து ஆறவிட்டு, கண்ணாடிப் பலகைமேல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். 0.05 மில்லிமீட்டர் தகடு எந்த மூலையிலும் உள்ளே போகவில்லை. மூன்று மாதமாக இதற்காகத்தான் மல்லுக்கட்டினேன். அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

மலேசியாவில், எங்கள் பஹாவில் வளர்ந்தவர்களுக்கு இந்த வண்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கெமாஸ் பக்கம் ராணுவ முகாம் இருப்பதால் சின்ன வயதிலேயே லோரிகளையும் கவச வண்டிகளையும் சாலையில் பார்த்திருக்கிறோம். ஜெர்மனியின் தைசன் ஹென்ஷல் கட்டியது. யூனிமாக் லோரியின் பாகங்களை வைத்து, நான்கு சக்கரமும் இழுக்கும்படி செய்த வண்டி. 1981-ல் மலேசியா 459 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. இந்த வண்டியை அதிகம் வைத்திருந்த நாடு நம்முடையதுதான். ஆனால் 35-ல் ஒரு பங்கு அளவு மாடலாகக் கடைக்குப் போய் இதை எடுக்கலாம் என்றால் நடக்காது. அமெரிக்காவின் எம்113 கவச வண்டி வேண்டுமா, தாமியா, அகாடமி, ஏஎஃப்வி கிளப் என்று மாடல் கம்பெனிகளின் கிட் வரிசையாக இருக்கும். நம் ஊர் வண்டி என்றால், யாரோ ஒருவர் தன் வீட்டுப் பின்கட்டில் வார்த்து விற்கும் ரெசின் கன்வர்ஷன் கிட்தான் கதி, அதாவது வேறொரு மாடலோடு சேர்த்துக் கட்டும் பாகங்கள்.

நான் வாங்கியதும் அப்படிப்பட்டதுதான். மேல் உடம்பு, கீழ்த் தொட்டி, இரட்டை இயந்திரத் துப்பாக்கிக் கோபுரம், கதவுகள் மட்டும் ரெசின். அச்சு, ஸ்பிரிங், சக்கரம் எல்லாம் ஒரு யூனிமாக் கிட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியைத் திறந்ததும் ஆசையாகத்தான் இருந்தது. போல்ட் தலைகள் கூர்மையாக வந்திருந்தன, சன்னல் விளிம்பில் ஒரு காற்றுக்குமிழ்கூட இல்லை. வார்த்தவர் கையில் வித்தை இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. கீழ்த் தொட்டியை மேசையில் வைத்ததும்தான் அது தோணி மாதிரி ஆடியது.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். அளக்காமல் எதையும் ஒட்ட மாட்டேன். நிஜ வண்டியின் நீளம் 6.05 மீட்டர், அகலம் 2.47 மீட்டர். 35-ஆல் வகுத்தால் நீளம் 172.9 மில்லிமீட்டர், அகலம் 70.6. வெர்னியர் அளவுகோலில் மேல் உடம்பு 171.4 காட்டியது, கீழ்த் தொட்டி 169.9. இரண்டும் சுருங்கியிருக்கின்றன, அதுவும் ஒரே அளவில் இல்லை. வார்க்கும்போது ரெசின் தானே சூடாகி இறுகும். தடித்த இடம் ஒரு மாதிரி சுருங்கும், மெல்லிய சுவர் வேறு மாதிரி சுருங்கும். முழுதாக இறுகும் முன்னே அச்சிலிருந்து உரித்தால் வளைவும் சேர்ந்துகொள்ளும். மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது, அது பரவாயில்லை. மேலும் கீழும் தங்களுக்குள்ளேயே 1.5 மில்லிமீட்டர் ஒத்துப்போகாமல், நடுவில் 1.8 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றால் அதை அப்படியே விட முடியாது.

புட்டி போட்டு நிரப்பி, தேய்த்துவிட்டால் போதாதா என்று சிலர் சொன்னார்கள். கோண்டோரின் இரண்டு பக்கமும் சாய்தளம். மேல் சரிவும் கீழ் சரிவும் சந்திக்கும் கோடு முன்னிருந்து பின்வரை நேராக ஓடும். வண்டியின் முகமே அந்தக் கோடுதான். அது வளைந்தால் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் பார்க்கிறவன் கண் அங்கேதான் போகும். அதனால் புட்டிக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை.

முதலில் எல்லோரும் செய்கிற வெந்நீர் வைத்தியம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பன்னிரண்டு வெள்ளிக்கு ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கினேன். சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்கவே கூடாது. எழுபது டிகிரி தண்ணீரில் மூன்று நிமிடம் விட்டால் ரெசின் தோல் செருப்பு மாதிரி இளகும். எடுத்து, மீன் தொட்டிக்கு வெட்டும் பத்து மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டு இரண்டுக்கு நடுவே வைத்து, மேலே ஆலையிலிருந்து கொண்டுவந்த பழைய பேரிங்கைப் பாரமாக ஏற்றி, ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் நூல் பிடித்த மாதிரி நேர். நாலாம் நாள் பார்த்தால் 1.1 மில்லிமீட்டர் மறுபடி தூக்கியிருந்தது.

இரண்டாவது முறையும் அதே கதை. ரெசினுக்கு ஞாபகசக்தி உண்டு. சூடு பட்டால் அச்சில் இருந்து வெளிவந்த உருவத்துக்கே திரும்பப் பார்க்கும். குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒருமுறை நிமிர்த்தினால் நின்றுவிடும். நம் ஊரில் தகரக்கூரைக்குக் கீழே இருக்கும் அலமாரியே தினமும் பாதி வெந்நீர்த் தட்டு. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்பை அப்படியே பின்பற்றினால் நமக்குப் பலிக்காது என்பதை இதற்கு முன்னால் இவ்வளவு தெளிவாக நான் உணர்ந்ததில்லை.

அப்புறம்தான் ஆலை மூளை வேலை செய்தது. வளைய நினைக்கும் இரும்புத் தகட்டுக்கு நாங்கள் என்ன செய்வோம்? முதுகில் ஒரு கோண இரும்பு வைத்து வெல்டு பண்ணுவோம். அதையே இங்கேயும் செய்தேன்.

கீழ்த் தொட்டியின் உள்பக்கம், தரையின் இரண்டு ஓரத்திலும், சின்ன கிரைண்டரால் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு நீளவாட்டில் பள்ளம் எடுத்தேன். தண்ணீர் தொட்டுத் தொட்டு, முகமூடி போட்டுக்கொண்டு. ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது, இதில் அலட்சியம் வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, 140 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டு. கம்பியையும் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். ஆறு கம்பியில் நாலு கோணல். கம்பியின் மேல்பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பள்ளத்தை ஆல்கஹாலால் துடைத்தேன். பிறகு தொட்டியை மூன்றாவது முறையாக வெந்நீரில் நிமிர்த்தி, கண்ணாடியோடு சேர்த்து நான்கு கிளாம்பில் இறுக்கி, அந்த நிலையிலேயே எபாக்சி ஊற்றிக் கம்பியைப் படுக்கவைத்தேன்.

இங்கே ஒன்று கவனிக்கவும். ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம். அது வெயில் சூட்டில் இளகிவிடும், கம்பி உள்ளே நழுவும். ஒரு நாள் எடுத்து இறுகும் மெதுவான வகையே நிற்கும். கம் காஜா என்கிற சூப்பர் குளூவும் வேண்டாம். இந்த ஈரக்காற்றில் அது பிடித்துவிடும், ஆனால் முறுக்குக்குத் தாங்காமல் கண்ணாடி மாதிரி தெறிக்கும். நான் இரண்டு நாள் கிளாம்பைத் தொடவே இல்லை.

மேல் உடம்புக்குக் கம்பி வைக்க இடமில்லை. அதனால் 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டில் மூன்று குறுக்குச் சுவர் வெட்டி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒன்று, கோபுர வளையத்துக்குப் பின்னால் ஒன்று, கடைசியில் ஒன்று என்று வைத்தேன். சன்னல் வழியாகப் பார்த்தால் முதல் சுவர் கொஞ்சம் தெரியும். கருப்பு அடித்துவிட்டால் உள்ளிருட்டில் கலந்துவிடும். நீளத்தில் இருந்த 1.5 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு அதே ஷீட்டைக் கீழ்த் தொட்டியின் பின்சுவரில் ஒட்டிச் சரிபண்ணினேன். இந்த வண்டி நீரிலும் போகும். பின்னால் அடியில் சுழல்விசிறி இருக்கும். ஒட்டுப் போட்ட இடத்தில் பாதியை அதன் கூடு மறைத்துவிடும்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன் இருக்கிறார், கோண்டோர் ஓட்டியவர். போன ஞாயிற்றுக்கிழமை ஒட்டி முடித்த உடம்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கட்டைவிரலால் அந்தப் பக்கக் கோட்டை முன்னிருந்து பின்வரை தடவினார். “தம்பி, இந்த விளிம்புல கால் வெச்சுத்தான் மேல ஏறுவோம்,” என்றார். கொஞ்ச நேரம் வேறெதுவும் பேசவில்லை. அப்புறம், “உள்ள என்னா சூடுன்னு உனக்குத் தெரியாது,” என்று சொல்லிவிட்டு, மனைவியிடம் எனக்குக் கோப்பி போடச் சொன்னார்.

நிறம் என்னவோ முதலிலேயே முடிவாகிவிட்டது. வெள்ளை, பக்கத்தில் கருப்பு எழுத்தில் யூஎன், அதாவது ஐ.நா. 1993 அக்டோபர் 3, 4 தேதிகளில் சோமாலியாவின் மோகடிஷுவில் சிக்கிய அமெரிக்கப் படையினரை மீட்க, பாகிஸ்தானின் டாங்கிகளோடு நம் கோண்டோர்கள் போனதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அந்த இரவில் நம் வீரர் மாட் அஸ்னான் அவாங் உயிரிழந்தார். அந்த வண்டியைச் சின்ன உருவத்திலாவது ஒழுங்காகச் செய்து வைக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையைத் தொடங்கக் காரணமே. கோணலான கோட்டோடு அதை அலமாரியில் வைக்க எனக்கு மனசு வராது.

பெயிண்டுக்கு இன்னும் போகவில்லை. சாம்பல் பிரைமர் இன்றைக்கு ஒரு கோட் போயிருக்கிறது. வெள்ளையைக் காலை பத்து மணிக்கு முன்னால்தான் அடிப்பேன். மழை இறங்கும் சாயங்காலத்தில் லாக்கர் அடித்தால் ஈரத்தை இழுத்துப் பால் மாதிரி பூத்துவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னர் இருந்தாலும் நான் துணிய மாட்டேன்.

சாமான் வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜனவரி முதல், வெளிநாட்டில் இருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கும் பத்து சதவீத வரி வந்துவிட்டது. ஆகவே நாலு பேர் சேர்ந்து வாங்கினால் தபால் செலவிலாவது மிச்சம். பித்தளைக் கம்பியை ஹாபி கடையில் வாங்காதீர்கள். வெல்டிங் சாமான் விற்கும் கடையில் பிரேசிங் கம்பி என்று கேளுங்கள், விலை கால்வாசிதான். பஹாவ் பட்டணத்திலேயே கிடைக்கிறது. பிளாஸ்டிக் ஷீட் மட்டும் கோலாலம்பூர் போகிறவர்களிடம்தான் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

அடுத்த மாடல் சிப்மாஸ். பெல்ஜியத்து ஆறு சக்கர வண்டி, 90 மில்லிமீட்டர் பீரங்கிக் கோபுரத்தோடு. அதற்குக் கிட்டை நம்பப் போவதில்லை, உடம்பை முழுக்க ஷீட்டிலேயே கட்டலாம் என்று வரைபடம் போட ஆரம்பித்துவிட்டேன். கோண்டோருக்கு இன்னும் சக்கரமே மாட்டவில்லை. யூனிமாக் கிட்டின் அச்சு ரெசின் தொட்டியில் உட்காரும் இடம் 0.6 மில்லிமீட்டர் இறுக்கமாக இருக்கிறது. சனிக்கிழமை அரை நாள் வேலை, வந்து அரத்தை எடுக்கிறேன்.