தோற்கப்போகும் சபையில் வாதாடிய அப்புக்காத்து: 1915இல் இராமநாதன்

இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்றதும் மேடைகளில் முதலில் வரும் கதை 1916ஆம் ஆண்டினது. லண்டனிலிருந்து திரும்பியவரின் வண்டியில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, கொழும்புத் துறைமுகத்திலிருந்து வோர்ட் பிளேஸ் வீடு வரை சிங்களத் தலைவர்களே இழுத்துப் போனார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் அப்படி என்ன செய்தார், அது ஏன் அவரால் முடிந்தது என்று அந்தக் கதையில் ஒரு வரியும் இல்லை.

அதற்கான பதில் அவருடைய உத்தியோக வரலாற்றில் கிடக்கிறது. 1851இல் கொழும்பில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, சேர் ரிச்சர்ட் மோர்கனிடம் சட்டம் பயின்று அப்புக்காத்து ஆனார். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிட்டார். 1879இல் தாய்மாமனான சேர் முத்துக்குமாரசுவாமி இறந்ததும் சட்டநிரூபண சபையில் (குடியேற்ற ஆட்சியின் சட்டமன்றம்) தமிழருக்கான நியமன இடம் அவருக்குக் கிடைத்தது. 1892இல் சொலிசிட்டர் ஜெனரல். ஏறத்தாழ 14 ஆண்டுகள் முடியின் (பிரித்தானிய அரசின்) சார்பில் வழக்கு நடத்தினார். ஒரு குற்றப்பத்திரம் எங்கே வலுவிழக்கும், ஓர் ஆணைக்குப் பின்னால் எந்தச் சட்டம் நிற்கிறது, எது வெறும் மிரட்டல் என்பதெல்லாம் அவருக்கு உள்ளேயிருந்து தெரியும்.

1911 டிசம்பரில் 'படித்த இலங்கையருக்கு' என்று ஒதுக்கிய ஒரே தொகுதியில் டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்து மறுபடி சபைக்கு வந்தார். முழுத் தீவுக்கும் சேர்த்து ஏறத்தாழ 3,000 பேருக்குத்தான் அந்தத் தொகுதியில் வாக்கு. இதைத் தமிழர்-சிங்களவர் ஒற்றுமையின் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் பாதியை மறைக்கிறார்கள். பெர்னாண்டோ கராவ சாதியினர். சிங்களவரில் மேலாதிக்கம் பெற்ற கொவிகம சாதி மேட்டுக்குடியினர் பலருக்கு அவரைவிட ஒரு வெள்ளாளத் தமிழர் பரவாயில்லை என்று பட்டது.

சரி, 1915க்கு வருவோம். அந்த ஆண்டு சிங்களவருக்கும் சோனகருக்கும் (இலங்கை முஸ்லிம்களுக்கும்) இடையில் மூண்ட கலவரத்தின் வேர் ஒரு சிவில் வழக்கு. கம்பளையில் வலஹாகொட தேவாலயத்துப் (பௌத்தர் வழிபடும் தெய்வக் கோயில்) பெரகரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கையில் மேளத்தை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் 1912இல் அனுமதி கிடைத்தது. தேவாலயத்தின் நிர்வாகியான பஸ்நாயக்க நிலமே ஒப்பவில்லை. 1815 மார்ச் 2ஆம் தேதிய கண்டி ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு பௌத்த சடங்குகளுக்குக் காப்புறுதி தந்திருக்கிறதே என்று அரசுமீது வழக்குப் போட்டார். கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914 ஜூனில் அவர் பக்கம் தீர்த்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. பொலிஸ், உள்ளூர்ச் சபைக் கட்டளைச் சட்டங்களே மேலோங்கும் என்றாயிற்று. அடுத்த வெசாக் (புத்த பௌர்ணமி), மே 28 இரவு, கண்டியில் காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் கைகலப்பு. சில நாட்களில் அது மேல், தென் மாகாணங்கள் வரை பரவியது. சோனகர்களின் 4,000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன.

ஜூன் 2ஆம் தேதி இராணுவச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 30 வரை நீடித்தது. தேசாதிபதி (ஆளுநர்) சேர் ரொபர்ட் சால்மர்ஸ். படைக்குப் பிரிகேடியர் ஜெனரல் மல்கம், பொலிஸுக்கு டவ்பிகின். உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால், ஜெர்மனியின் கை இருக்குமோ, மதுவிலக்கு இயக்கம் அரசத் துரோகத்தின் முகமூடியோ என்ற கிலி அதிகாரிகளைப் பிடித்திருந்தது. டி. எஸ். சேனாநாயக்க, அவர் சகோதரர்கள், டி. பி. ஜயதிலக்க, டபிள்யூ. ஏ. த சில்வா என்று மதுவிலக்குக்காரர்கள் வரிசையாக மறியலுக்கு (சிறைக்கு) போனார்கள். கொழும்பு நகரக் காவல் படையில் கப்டனாக இருந்த ஹென்றி பேதிரிஸ் இராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு ஜூலை 7ஆம் தேதி வெலிக்கடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 26. முடியின் சீருடையை அணிந்திருந்தவருக்கே அந்தக் கதி.

நீதிமன்ற வழியும் அடைபட்டது. டபிள்யூ. ஏ. த சில்வாவுக்காக ஆட்கொணர்வு மனு போட்டார்கள்; உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகஸ்டில் லண்டனிலிருந்து வந்த அரசவை ஆணை, இராணுவச் சட்டக் காலத்தில் நல்லெண்ணத்தோடு செய்தவற்றுக்காக அதிகாரிகள்மீது வழக்குப் போட முடியாதபடி காப்பளித்தது. கடை எரித்தவனை விசாரிக்கலாம். அவனைச் சுட்டவனைக் கேட்க முடியாது.

மீதமிருந்தது சபை. 21 உறுப்பினர், 11 பேர் அரச உத்தியோகத்தர், கட்டளைப்படிதான் கை தூக்குவார்கள். உத்தியோகப் பற்றற்ற 10 பேரும் ஒரே குரலில் நின்றாலும் தோல்விதான், நிற்கவும் மாட்டார்கள். இராமநாதனுக்கு இது தெரியாதா? 1879இலிருந்து அந்தக் கணக்கைப் பார்த்தவர். அவர் வாக்குக்காகப் பேசவில்லை. சபையில் சொன்னது ஹன்சாட்டில் (சபையின் அதிகாரபூர்வப் பதிவேடு) ஏறும், அதற்காக யாரும் பிடித்துப்போக முடியாது, அதன் அச்சுப் பிரதி குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் மேசைக்குப் போகும். பத்திரிகைகள் வாயடைத்திருந்த நாளில் பதிவுக்கு மிஞ்சிய வழி அது ஒன்றுதான்.

அவர் பிடித்த சட்டப் புள்ளி கூர்மையானது. இலங்கைத் தண்டனைக் கோவையின் 114ஆம் பிரிவு அரசருக்கு எதிராகப் போர் தொடுப்பது பற்றியது. அது நிற்க வேண்டுமானால் அரசின் அதிகாரத்தை எதிர்க்கும் நோக்கம் நிரூபணமாக வேண்டும். சோனகர் கடையில் அரிசி மூட்டையைத் தூக்கியவன் கொள்ளைக்காரன், அவனுக்கு வேறு பிரிவு இருக்கிறது. இது சமூக மோதல், கிளர்ச்சி அல்ல. கிளர்ச்சி இல்லையென்றால் இராணுவ நீதிமன்றத்துக்கு அங்கே வேலையில்லை. முடிக்காக அவ்வளவு காலம் வழக்காடியவர் சொன்னதால் அரச தரப்பு இதைச் சும்மா ஒதுக்கிவிட முடியவில்லை.

சோனகரின் இழப்புக்கான நட்டஈட்டுச் சட்டமூலத்தில்தான் அவர் அதிகம் மல்லாடினார். அதற்குக் காரணமும் உண்டு. விசேட ஆணையாளர்கள் ஊர் ஊராகப் போய், இன்ன ஊர் இவ்வளவு கட்ட வேண்டும் என்று சிங்களவர்மீது தொகை விதித்து, கையொப்பம் வாங்கினார்கள், காசு வசூலித்தார்கள். சட்டம் பின்னால்தான் வந்து நடந்ததை நேர்படுத்தியது. கலவரத்தில் ஒதுங்கி நின்றவனும், சோனகக் குடும்பத்தை வீட்டில் ஒளித்து வைத்தவனும் அதே பங்கைக் கட்ட வேண்டும். துப்பாக்கி ஏந்திய காவலுக்கு முன்னால் வைத்த கையொப்பம் எந்த நீதிமன்றத்தில் செல்லும்?

பிறகு, ஜெர்மன் நீர்மூழ்கிகள் திரிந்த கடலைக் கடந்து லண்டன் போனார். ஈ. டபிள்யூ. பெரேராவும் ஜயதிலக்கவும் அங்கே வேறாக முயன்றுகொண்டிருந்தார்கள். கண்டதும் சுடச்சொன்ன ஆணையைப் பெரேரா சப்பாத்துக்குள் மறைத்துக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். கேட்ட அரச விசாரணைக் குழு கிடைக்கவில்லை. ஆனால் சால்மர்ஸ் 1915 முடிவதற்குள் திருப்பி அழைக்கப்பட்டார். 1916இல் வந்த சேர் ஜோன் அண்டர்சன் காலத்தில் சில துப்பாக்கிச் சூடுகள் விசாரணைக்கு வந்தன. இராமநாதனின் சபை உரைகள் அதே ஆண்டு லண்டனில் புத்தகமாயின.

அவருடைய வாதத்தில் இல்லாததையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு தரப்பு அப்புக்காத்தாகவே அவர் பேசினார். கடையும் உயிரும் இழந்த சோனகரின் இழப்பு அவர் வாயில் பெரும்பாலும் எதிர்த்தரப்புக் கணக்காகவே வந்தது. இது புதிதும் அல்ல. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று 1880களில் வாதிட்டு, அவர்களுக்குத் தனி இடம் தேவையில்லை என்ற நிலைக்குத் துணைபோனவர். அதற்கு ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் விரிவாக மறுப்பு எழுதினார். சபையில் சோனகருக்கு 1889 முதல் ஒரு நியமன இடம் இருந்தது. 1924 சபையில் முஸ்லிம்கள் தாங்களே தேர்ந்தெடுத்த மூவர் உட்கார்ந்தபோது, இராமநாதனும் வடக்கின் உறுப்பினராக அதே சபையில் இருந்தார்.