பொலென்டா கிண்டிய குளிர்காலம்

இத்தாலியின் டுரினுக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். போன வருடம் பொலென்டாவை உணவகத்தில் சாப்பிட்டதோடு சரி. இந்த வருடம் நவம்பர் பிறந்ததும், வீட்டில் செய்து கை பழகியே ஆக வேண்டும் என்று ஆரம்பித்தேன். பிப்ரவரி முடிவதற்குள் ஒன்பது தடவை கிண்டியாயிற்று. அடுப்புப் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு அளவு, நேரம், என்ன பதத்தில் வந்தது என்று ஒவ்வொரு தடவையும் எழுதிவந்தேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பொலென்டா என்றால் மக்காச்சோள ரவையில் கிண்டும் களி, அவ்வளவுதான். பியமோந்தே, லொம்பார்தியா, வெனெதோ என்று இத்தாலியின் வடக்கு முழுக்க ஏழைபாழைகளுக்குப் பல தலைமுறையாக இதுதான் சோறு. தெற்கத்திக்காரர்கள் வடக்கத்திக்காரர்களுக்கு வைத்த பட்டப்பெயரே ‘பொலென்டோனி’, அதாவது பொலென்டா தின்னிகள். பல வீடுகளில் இதை இறுகக் கிண்டி, மரப்பலகையில் கவிழ்த்து, நூலால் அறுத்துத் துண்டு போடுவார்கள். நான் ஆசைப்பட்டது அதை அல்ல. ஆவோஸ்தா பள்ளத்தாக்கிலும் அதையொட்டிய பியமோந்தே மலைகளிலும் செய்கிற ‘பொலென்டா கொன்ச்சா’ என்று ஒன்று உண்டு. வெண்ணெயும் ஃபொன்தீனா சீஸும் உள்ளே உருகி, கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழிந்து இறங்கும். அந்தக் குழைவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் தடவை வாங்கியது ‘5 நிமிடத்தில் தயார்’ என்று போட்ட பாக்கெட். ஏற்கெனவே வேகவைத்து உலர்த்திய மாவு அது. கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கிளறியதும் இறுகிவிட்டது. கட்டி தட்டவில்லை, அடியும் பிடிக்கவில்லை. ஆனால் வாயில் வைத்தால் சோளத்தின் வாசனையே இல்லை. சீஸின் உப்பு மட்டும்தான் நாக்கில் நின்றது. அந்தப் பாக்கெட்டை மறுபடி வாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பொர்த்தா பலாட்சோ சந்தைக்குப் போனேன். ஐரோப்பாவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் அது ஒன்று. மக்காச்சோளத்தில் மட்டும் அங்கே இத்தனை வகையா என்று ஆகிவிட்டது. மாவு போல நைஸாக அரைத்தால் ‘ஃபியொரெட்டோ’, கொரகொரப்பாக உடைத்தால் ‘ப்ரமாதா’, வெனெதோ பக்கத்து வெள்ளைச் சோளம் தனியாக. ப்ரமாதா ஒரு கிலோ வாங்கினேன். நம் ரவையை விடக் கொஞ்சம் பெரிய மணி, நல்ல மஞ்சள். கையில் அள்ளி மோந்து பார்த்தால் வெயிலில் காயும் கதிர் வாசனை.

அன்றைக்குச் செய்தது சரியாக வரவில்லை, ஆனால் நான் கற்றுக்கொண்டதில் பாதி அன்றைக்குத்தான். ஒரு பங்கு ரவைக்கு மூன்று பங்கு தண்ணீர் என்று கண்ணளவாக வைத்து, தளதளவென்று கொதிக்கும்போது மொத்த ரவையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தேன்: மேலே பசை போல ஒரு தோல், உள்ளே உலர்ந்த ரவை அப்படியே இருந்தது. வெளிப்பக்கத்து மாவுச்சத்து வெந்நீர் பட்டதும் வீங்கிப் பசையாகி, உள்ளே தண்ணீர் போகாமல் அடைத்துவிடுகிறது. இருபது நிமிடத்தில் தண்ணீர் முழுக்க வற்றி இறுகிவிட்டதால், வெந்துவிட்டது என்று நினைத்து சீஸைப் போட்டேன். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது, பாத்திரத்தில் கொதி அடங்கவில்லை. சீஸ் கரையாமல் நூல் நூலாக இழுத்து, கரண்டியைச் சுற்றி ஒரே உருண்டையாகிவிட்டது. சுற்றிலும் மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. சாப்பிட்டபோது பல்லில் நறநறவென்று இருந்தது.

அன்று இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். எங்கள் ஊர் தர்மபுரிப் பக்கம். வாரத்தில் நாலு நாள் கேழ்வரகு களி கிண்டுகிற வீடு. அம்மா பொலென்டாவைப் பார்த்ததில்லை. சொன்னதைக் கேட்டதும், “கொதிக்கிற தண்ணியில மாவ மொத்தமாக் கொட்டுனா கட்டி தட்டாம என்ன பண்ணும் கண்ணு? ஒரு கைப்பிடிய பச்சத் தண்ணியில கரைச்சு முதல்ல ஊத்து. அது கூழாட்டம் ஆனதும் மிச்சத்தத் தூவிக்கிட்டே கிண்டு” என்றார். இத்தாலியர்கள் இதற்குச் சொல்வது ‘மழை போலத் தூவு’ என்று. இடது கையால் தூவ, வலது கை கிண்டிக்கொண்டே இருக்கும். நான் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். அதற்கப்புறம் செய்த ஏழு தடவையும் ஒரு கட்டிகூட விழவில்லை.

கட்டிக்கு வழி கிடைத்தது. நறநறப்புக்கு வழி சொன்னவர் எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு சிஞ்ஞோரா, அதாவது அம்மாள். எழுபதைத் தாண்டியவர், ஆவோஸ்தாவுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். எவ்வளவு நேரம் வைத்தாய் என்று கேட்டார். இருபது நிமிடம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, குறைந்தது நாற்பத்தைந்து என்றார். தண்ணீர்? ஒன்றுக்கு மூன்று. கொன்ச்சாவுக்கு ஐந்து வேண்டும் என்றார். சீஸைப் பற்றி அப்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. குழைவு சீஸிலிருந்து வருகிறது என்று நான் நினைத்திருந்தேன். அது ரவை வேகிற வேக்காட்டிலிருந்து வருகிறது, சீஸ் அதன்மேல் வந்து சேர்கிறது. இந்த ஒன்று விளங்கியதும் எனக்கு மற்றதெல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது.

மாவுச்சத்து 60, 70 டிகிரிச் சூட்டிலேயே வீங்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் பத்தே நிமிடத்தில் கெட்டியாகி, வெந்ததுபோலத் தெரிகிறது. ஆனால் ப்ரமாதா மணியின் நடுவரைக்கும் தண்ணீர் போய்ச் சேர நேரம் பிடிக்கும். பாத்திரம் முழுக்கக் கெட்டியாக இருக்கும்போதே ஒவ்வொரு மணியும் உள்ளே பச்சையாக இருக்கலாம்.

நாலாவது தடவைதான் நினைத்தது கைக்கு வந்தது. அன்றிலிருந்து இதே அளவுதான். ப்ரமாதா 200 கிராம், தண்ணீர் 800 மில்லி, பால் 200 மில்லி, கல்லுப்பு 8 கிராம். பாலை முதலிலேயே ஊற்றினால் அடியில் ஒட்டிக் காந்திப்போகிறது. ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்டேன். கடைசிக் கால் மணியில் சூடாக்கி ஊற்றினால் போதும். பாத்திரம் அடி கனமாக இருக்க வேண்டும். இங்கே ‘பயோலோ’ என்று ஈயம் பூசாத செம்புப் பாத்திரம் வைத்திருப்பார்கள். மோட்டார் வைத்துத் தானாகக் கிண்டுகிற பயோலோகூட விற்கிறது. என்னிடம் இருப்பது சாதாரண ஸ்டீல் பாத்திரம், அதிலேயே நன்றாக வருகிறது.

தூவி முடித்த முதல் ஐந்து நிமிடம் கையை எடுக்காமல் கிண்ட வேண்டும். பார்த்தால் ரவை அடியில், தண்ணீர் மேலே என்று இரண்டும் சேராதது போலவே இருக்கும். பிறகு ஒரு கணத்தில் சேர்ந்துகொண்டு கூழாகிவிடும். அப்போது அடுப்பைச் சிம்மில் வைத்து, மூடி போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடியோடு சேர்த்துக் கிண்டினால் போதும். முக்கால் மணி நேரமும் நின்று கிண்டத் தேவையில்லை, மூடி போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கிறது. பதினைந்தாவது நிமிடம் ‘பொத் பொத்’தென்று குமிழ் வெடிக்கும். ஒரு சொட்டு கையில் பட்டால் கொப்பளம்தான், நீளக் காம்புள்ள மரக்கரண்டி அவசியம். முப்பதாவது நிமிடம் வாசனை மாறுகிறது: பச்சை மாவு வாசனை போய், சுட்ட கதிரின் இனிப்பு வாசனை வருகிறது. நோட்டில் இதை மூன்று இடத்தில் கோடிட்டு வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இறக்கினால் எத்தனை சீஸ் போட்டாலும் அந்த இனிப்பு வராது. கெட்டியானால் கொதிக்கிற தண்ணீர் அரைக் கரண்டி விடலாம். நாற்பத்தைந்தில் ஒரு துளி எடுத்து ஆறவைத்து, நாக்குக்கும் மேல்வாய்க்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார் சிஞ்ஞோரா. மணி தட்டுப்படக் கூடாது. கரண்டியைத் தூக்கினால் பட்டுத்துணி மடிவதுபோல வழிந்து விழுந்து, மேற்பரப்பில் கோடு கொஞ்ச நேரம் நின்று மறையும்.

இனிமேல்தான் சீஸ். அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். சூடு அதிகமானால் சீஸின் புரதம் சுருங்கித் திரண்டு கொழுப்பைக் கக்கிவிடும். இரண்டாவது தடவை மிதந்த எண்ணெய் அதுதான். கொதி அடங்கிய களியில் போட்டால், கரைந்து நிற்கும் மாவுச்சத்து கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஃபொன்தீனா 120 கிராம், தோலைச் சீவிவிட்டுச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி மூன்று கைப்பிடியாகப் போடுகிறேன். ஒரு பிடி கரைந்த பிறகு அடுத்தது. ஃபொன்தீனா ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் மட்டும் செய்யப்படுவது. அந்த ஊர் மாட்டின் காய்ச்சாத பாலில் செய்து, குறைந்தது 80 நாள் பழுக்க வைப்பார்கள். வட்டத்தின் மேலே மலை உருவம் போட்ட முத்திரை இருக்கும். 1996 முதல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பும் உண்டு. கொட்டை வாசனையும் லேசான காட்டு வாசனையும் கலந்த சீஸ். அதோடு துருவிய பார்மிஜானோ 30 கிராம், உப்புக் கரிப்புக்காக.

வெண்ணெய் 40 கிராமைத் தனியாக ஒரு சின்ன வாணலியில் நுரை அடங்கி, அடியில் பழுப்புப் பொடி படியும்வரை காய்ச்ச வேண்டும். நெய் உருக்கும்போது கசண்டு சிவந்து வருமே, அதே கட்டம். தட்டில் போட்ட பொலென்டாமேல் அதைச் ‘சொய்’யென்று ஊற்றுவதோடு சமையல் முடிகிறது. அந்த நாலாவது தடவை சிஞ்ஞோராவுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே மூன்று வாய் சாப்பிட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுப் பாத்திரத்தின் அடியில் ஒட்டிய காந்தலை என்ன செய்தாய் என்று கேட்டார். சின்ன வயதில் அந்தத் தகட்டுக்காகப் பிள்ளைகளுக்குள் சண்டையே நடக்குமாம். ஓடிப்போய்ச் சுரண்டி எடுத்து வந்து கொடுத்தேன்.

சீஸும் பாலும் ருசிக்காகச் சேர்க்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ருசி மட்டும் காரணம் இல்லை என்று பிறகு தெரிந்தது. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு வந்து 16-ஆம் நூற்றாண்டில் வெனெதோ வயல்களில் ஏறியது. அதற்கு முன் இந்தக் களி வேறு தானியங்களில் நடந்தது. சோளம் விளைச்சல் அதிகம் கொடுத்ததால், 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வடக்கின் ஏழை விவசாயிகள் வேளை தவறாமல் பொலென்டா மட்டுமே தின்னும் நிலை வந்தது. தோல் தடித்து வெடித்தது, வயிறு கெட்டது, புத்தி பேதலித்தது, பலர் செத்தார்கள். 1771-இல் மிலான் மருத்துவர் ஃப்ரபொல்லி அந்த நோயை ‘பெல்லாக்ரா’ என்று குறித்தார். சொரசொரத்த தோல் என்று பொருள். நியாசின் என்ற பி வைட்டமின் கிடைக்காததால் வரும் நோய் அது. சோளத்தில் நியாசின் இருக்கிறது, ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். கப்பலில் விதை வந்தது, சுண்ணாம்புப் பழக்கம் வரவில்லை. நியாசின்தான் மருந்து என்று தெரிய 1937 ஆயிற்று. பாலிலும் சீஸிலும் இருக்கிற டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பு நியாசினைத் தயாரித்துக்கொள்ளும். தட்டில் ஒரு துண்டு சீஸ் இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இருந்த வித்தியாசம் அது. இதைப் படித்த வாரம் ஃபொன்தீனாவை நறுக்கும்போது அந்தக் குடும்பங்கள்தான் மனதில் நின்றார்கள்.

வேகமாக முடிக்க வழி உண்டா என்றும் ஒரு தடவை பார்த்தேன். தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் மணியின் செல்சுவர் சீக்கிரம் இளகிவிடும். 25 நிமிடத்தில் நறநறப்பு போய்விட்டது. வேலை நாளில் உதவும். ஆனால் நிறம் அடர்ந்து, அந்தச் சுட்ட கதிர் வாசனை மங்கியிருந்தது. எனக்கு முக்கால் மணிதான் சரி.

மீந்ததை ஒரு தட்டில் அரை அங்குல உயரத்துக்குப் பரப்பி வைத்துவிட்டால் காலையில் கத்தி இறங்கும் பதத்துக்கு இறுகியிருக்கும். வில்லை போட்டு, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு, திருப்பாமல் ஏழு நிமிடம் விட வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் பொருக்கு கல்லோடு போய்விடும். வெளியே மொறுமொறு, உள்ளே சீஸ் மறுபடி இளகியிருக்கும். நான் எலுமிச்சை ஊறுகாயோடு சாப்பிடுகிறேன், அது எனக்குப் பிடித்த சேர்க்கை.

நேற்று சந்தையில் பக்வீட் என்ற தானியத்தின் மாவு அரைக் கிலோ வாங்கி வந்தேன். வால்தெல்லினா, பெர்கமோ பக்கம் அதைச் சோள ரவையோடு கலந்து ‘தராஞா’ என்று கிண்டுகிறார்கள். கிண்டுகிற நீளக் கட்டைக்கு அங்கே ‘தரெல்’ என்று பெயர், பதார்த்தத்துக்கும் அந்தப் பெயர்தான் ஒட்டியது. 150 கிராம் ப்ரமாதா, 50 கிராம் பக்வீட் என்று ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். சீஸ் அந்த ஊருடையதே வேண்டும், பித்தோவோ கசேராவோ. அம்மாவிடம் களிக் கட்டையைப் பார்சலில் போடச் சொல்லியிருக்கிறேன்.