கரும்பச்சையில் நங்கூரம் வேண்டாம்

நங்கூரம் விழுந்த இடம் கரும்பச்சை. படகு பின்வாங்க, சங்கிலி விறைக்காமல் தடதடவென்று அதிர்கிறது. பிடிக்கவில்லை.

ஸ்பெயினின் மெனோர்க்கா தீவின் தென்கரை, மகரேயா விரிகுடா. அந்தக் கரும்பச்சை பாறையல்ல, பொசிடோனியா கடற்புல். அதன் வேர்ப்பாயில் கூர்முனை வழுக்கும். மாட்டினாலோ புல்லைப் பெயர்த்துக்கொண்டு வரும். மெனோர்க்கா அடங்கிய பலேரிக் தீவுகளில் 2018 ஆணைப்படி அதன்மேல் நங்கூரமிடத் தடை. அபராதமும் உண்டு.

வெளிர்நீலமாகத் தெரிவதுதான் மணல். உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தால் நிறம் பிரிந்து தெரியும்.

ஆழம் 5 மீட்டர், நீர்மட்டத்துக்கு மேல் படகின் முகப்பு உயரம் 1 மீட்டர் என்றால் மொத்தம் 6. அதற்கு ஐந்து மடங்கு, 30 மீட்டர் சங்கிலி விடுங்கள். ரிவர்ஸ் கியரில் மெதுவாக இழுத்து, கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் பாருங்கள். அவை நேர்கோட்டிலிருந்து விலகினால் நங்கூரத்தைத் தூக்கி மறுபடி போட வேண்டியதுதான். காற்று மாறிப் படகு சுற்றும்போது சங்கிலி புல்லை அரிக்குமா என்பதையும் பாருங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

வடகாற்று திரமுந்தானா அடித்தால் தென்கரை நிம்மதி. தெற்கிலிருந்து அலை வந்தால் இதே இடத்தில் தூங்க முடியாது. மாவோன் துறைமுகத்துக்குள் போய்விடுங்கள்.

வடக்கே ஃபோர்னெல்ஸில் படகைக் கட்ட மிதவைகள் உண்டு. அங்கே கல்லிறால் குழம்பு பிரபலம். விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.