பிட்டர் வாங்கும் முன்: இங்கிலாந்து பப்பில் முதல் பைன்ட்

இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர்களில் பலர் பிட்டர் என்ற கசப்பு பியரை ஒரே ஒரு முறை குடித்துப் பார்த்துவிட்டு, "கூலிங்கே இல்ல, கேஸும் இல்ல" என்று சில்லென்று வரும் வழக்கமான லாகர் பியருக்குத் திரும்பிவிடுகிறார்கள். புகாரில் பாதி நியாயம் உண்டு. லாகர் 3 முதல் 5 டிகிரி செல்சியஸில் வரும். பீப்பாயிலிருந்து எடுக்கும் பிட்டர் 11 முதல் 13 டிகிரியில்தான் வர வேண்டும். கரியமில வாயுவும் லாகரில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் 16 டிகிரிக்கு வெதுவெதுப்பாகிவிட்ட பிட்டரும், வாயு முழுதும் போய்ச் சப்பென்று ஆன பிட்டரும் உண்மையிலேயே கெட்டுப்போனவை. புதிதாக வந்தவருக்கு எது இயல்பு, எது கேடு என்று தெரிவதில்லை. சிக்கல் அங்கேதான்.

பார் கவுன்ட்டரில் உயரமான மரக் கைப்பிடிகள் நிற்கும். நம் தெரு அடிபம்பு தண்ணீரை இழுப்பதுபோல, அவை நிலவறையில் கிடக்கும் பீப்பாயிலிருந்து பியரை இழுக்கின்றன. வாயு அழுத்தம் எதுவும் கிடையாது. கைப்பிடியில் மாட்டியிருக்கும் அட்டையில் பெயரும் ஆல்கஹால் அளவும் இருக்கும். முதல் தடவைக்கு 3.7 முதல் 4.3 சதவீதம் போதும். லண்டனில் ஃபுல்லர்ஸ் லண்டன் பிரைட் (பீப்பாயில் 4.1), சசெக்ஸ் பக்கம் ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட் (4.0), யார்க்‌ஷரில் டிமோத்தி டெய்லர் லேண்ட்லார்ட் (4.3). ஃபுல்லர்ஸ் இஎஸ்பி 5.5; அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான பப்களில் மேசைக்கு யாரும் வந்து கேட்கமாட்டார்கள். பாரில் போய் நின்று, வாங்கும்போதே பணம் கட்ட வேண்டும்; டிப்ஸ் தேவையில்லை. வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்பதை ஊழியர்கள் கவனித்தபடி இருப்பார்கள். கையை ஆட்டிக் கூப்பிட்டால் முகம் சுளிப்பார்கள். வாங்கும் முன் "டேஸ்டர்" கேட்டால் ஒரு வாய் ஊற்றித் தருவது வழக்கம். பைன்ட் 568 மில்லி, ஹாஃப் 284 மில்லி. ஹாஃப் வாங்குவதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை. 18 வயது ஆனவர்களுக்கே விற்கலாம் என்பது சட்டம். 25-க்குக் கீழே தெரிந்தால் பாஸ்போர்ட் அல்லது டிரைவிங் லைசென்ஸ் கேட்பார்கள்.

முதலில் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தேன் நிறம் முதல் செம்பு நிறம் வரை, தெளிவாக இருக்க வேண்டும். அந்தத் தெளிவுக்குப் பல ஆலைகள் ஐசிங்கிளாஸ் சேர்க்கின்றன. மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள் அது. ஈஸ்ட்டை அடியில் படிய வைக்கும். சைவ உணவுக்காரர்கள் "வீகனா?" என்று கேட்டு வாங்குவது நல்லது. அது சேர்க்காத பியர் கலங்கலாகவே இருக்கலாம். "அன்ஃபைண்ட்" என்று அட்டையில் போட்டிருந்தால் அந்தக் கலங்கல் குற்றமல்ல.

அடுத்து மணம். மால்ட்டிலிருந்து (முளைகட்டிக் காயவைத்த பார்லி) பிஸ்கட், டாஃபி வாசனை. ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவிலிருந்து (ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ், ஃபகிள் போன்ற வகைகள்) மண், மூலிகை, ஆரஞ்சுத் தோல் வாசனை. பிறகு ஒரு நல்ல மடக்கு குடித்து விழுங்குங்கள். கசப்பு விழுங்கிய பின்தான் அடிநாக்கில் ஏறும். முதல் மடக்கில் கசப்பு மட்டுமே தெரியும், மூன்றாவதில் மால்ட்டின் இனிப்பு அதோடு சேரும். தீர்ப்பு அதற்குப் பிறகு. வடக்கே பம்பின் வாயில் ஸ்பார்க்லர் என்ற சின்னத் துளைமூடி மாட்டி, கெட்டியான நுரையோடு ஊற்றுவார்கள். கசப்பு மழுங்கி மிருதுவாக இருக்கும். தெற்கே பெரும்பாலும் அது இல்லை. லேண்ட்லார்டை இரண்டு விதத்திலும் குடித்தால் வேறு வேறு பியர் என்றே தோன்றும். நுரை அதிகமாகிக் கிளாஸ் குறைந்தால் "டாப் அப்" கேட்கலாம்.

பர்ட்டன் ஊர் பியர்களில், மார்ஸ்டன்ஸ் பெடிக்ரீ போன்றவற்றில், தீக்குச்சி உரசிய வாடை வரும். அந்த ஊர்த் தண்ணீரில் உள்ள ஜிப்சத்தால் வரும் குணம் அது, குற்றமல்ல. வினிகர் புளிப்புதான் குற்றம். பியர் இறங்க இறங்க பீப்பாய்க்குள் காற்று புகும். திறந்த மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். வழக்கமான ஃபர்கின் பீப்பாயில் 9 கேலன், அதாவது 72 பைன்ட். கூட்டமில்லாத பப்பில் எட்டுக் கைப்பிடி இருந்தால் அத்தனையும் மூன்று நாளில் எப்படித் தீரும்? இரண்டே கைப்பிடி வைத்த, ஆள் நிறைந்த பப்பே மேல். ஈர அட்டைப்பெட்டி வாடையும் காற்றால் வருவதுதான். பாப்கார்ன் வெண்ணெய் வாடை தூக்கலாக இருந்தால் பியர் பெரும்பாலும் முதிரவில்லை. சப்பென்று இருந்தால், இரவில் பீப்பாயின் காற்றுத் துளையைக் கெட்டி மர ஆப்பால் அடைக்க மறந்திருக்கலாம். மதியம் கடை திறந்ததும் வரும் முதல் பைன்ட், இரவெல்லாம் குழாயில் கிடந்ததாக இருக்கக்கூடும். நல்ல பப்பில் அதை இழுத்துக் கொட்டிவிடுவார்கள்.

கெட்டதைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சம் வேண்டாம். பாதி குடிக்கும் முன் பாருக்குப் போய், "ஸாரி, ஐ திங்க் திஸ் ஒன்ஸ் ஆஃப்" என்றால் போதும். ஒழுங்கான இடத்தில் வாதாடாமல் மாற்றித் தருவார்கள். கசக்கிறது என்பதை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள்.

காரம் கசப்பைத் தூக்கிக் காட்டும், அதனால் முதல் பைன்ட்டோடு மிளகாய் வறுவல் வேண்டாம். செடார் சீஸ், உப்புக் கடலை பொருந்தும். பாக்கெட்டில் விற்கும் "ஸ்க்ராட்சிங்ஸ்" பன்றித்தோல், சாப்பிடாதவர்கள் கவனிக்கவும். 4 சதவீத பைன்ட் ஒன்று 2.3 யூனிட் (ஆல்கஹாலை அளக்கும் பிரிட்டன் கணக்கு), அரசு மருத்துவ அறிவுரை வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது.

சூப்பர்மார்க்கெட் பாட்டிலை வைத்துப் பிட்டரை எடைபோடாதீர்கள். பாட்டில் லண்டன் பிரைட் 4.7 சதவீதம், வாயுவும் அதிகம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்துத் திறந்தால் பரவாயில்லை. "பாட்டில் கண்டிஷன்ட்" என்று போட்டிருந்தால் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். குலுக்காமல், ஒரே மூச்சில் சாய்த்து ஊற்றி, கடைசி இரண்டு விரற்கடை பியரைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.